கலங்கிய கடல் கெட்ட கடலா? கடற்கரைத் தண்ணீரை எப்படி அளக்கிறார்கள்

ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் கூடாரம் போட்டுக் கோழியை நெருப்பில் வாட்டிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்களில் ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். பிள்ளைகள் தண்ணீரில் இறங்கத் துடிப்பார்கள். "வேணாம், தண்ணி எவ்வளவு அழுக்கா இருக்கு பாரு" என்பார் அத்தை. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, நாங்க சின்ன வயசுல இங்கதானே குளிச்சோம்" என்பார் மாமா. இரண்டு பேருமே கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். இந்த விஷயத்தில் கண்ணை ரொம்ப நம்ப முடியாது.

சிங்கப்பூர்க் கடல் பச்சையும் பழுப்புமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் வண்டல்தான் காரணம். பல பத்தாண்டுகளாக நடந்த நிலமீட்பும் தூர்வாரும் வேலையும் அடிமண்ணைக் கிளறிவிட்டன. ஈஸ்ட் கோஸ்ட் பார்க் இருக்கும் தரையே 1966-ல் தொடங்கிய நிலமீட்பில் கடலைத் தூர்த்து உண்டாக்கியதுதான். 1960களில் தண்ணீருக்குள் சுமார் 10 மீட்டர் வரை பார்வை போனது என்றும் பின்னாளில் அது 2 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது என்றும் கடலியல் ஆய்வாளர்கள் சொல்வார்கள். பவளப்பாறைகளுக்கு இது பெரிய கேடு. ஆனால் வண்டல் ஒருவர் வாய்க்குள் போனால் மண் சுவை தெரியுமே தவிர, வயிற்றுப்போக்கு வராது. அதே சமயம், அடிமணல் தெரியும் அளவுக்குத் தெளிந்த நீல நிறக் கடலிலும் நோய்க்கிருமிகள் தாராளமாக இருக்கலாம். கழிவுநீரில் இருக்கும் வைரஸுக்கு நிறம் கிடையாது.

எதை எண்ணுகிறார்கள்?

கடலில் குளித்து நோய் வாங்கிக்கொள்வதற்கான பெரிய வழி, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், மலம்தான். மனிதக் கழிவு கடலில் கலந்தால் அதோடு நோரோவைரஸ் போன்ற வயிற்றுக் கிருமிகளும் பல வகை பாக்டீரியாக்களும் வந்து சேர்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுவது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை. சில கிருமிகள் மிகக் குறைந்த அளவில் இருந்தாலே நோய் தந்துவிடும். அவ்வளவு குறைவாக இருப்பதைக் கண்டுபிடிப்பதும் கடினம்.

அதனால் வேறொன்றை எண்ணுகிறார்கள். அதன் பெயர் எண்டரோகாக்கஸ். மனிதர்கள், விலங்குகள், பறவைகளின் குடலில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா அது. கடலில் இருக்கும் எண்டரோகாக்கஸ் நம்மை நேரடியாகப் படுத்தியெடுப்பது அரிது. ஆனால் அது இருக்கிறது என்றால், குடலிலிருந்து வந்த ஏதோ ஒன்று இந்தத் தண்ணீரில் கலந்திருக்கிறது என்று பொருள். நம் புளோக்கில் ஒரு வீட்டு வாசலில் பத்து ஜோடி செருப்பு கிடந்தால், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ஆனால் ஆள் கூடியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். எண்டரோகாக்கஸ் அந்தச் செருப்பு மாதிரி.

இ.கோலை என்ற பெயரைத்தான் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆற்றிலும் ஏரியிலும் அதை எண்ணுவது வழக்கம். உப்புத் தண்ணீரில் இ.கோலை சீக்கிரம் செத்துப்போகும். எண்டரோகாக்கஸ் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். கடலுக்கு இதுதான் நம்பகமான அடையாளம்.

எண்ணும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மாதிரி எடுப்பவர் குளிப்பவர்கள் நிற்கும் ஆழத்துக்கே இறங்குகிறார். கிருமி நீக்கிய போத்தலை மூடியோடு தண்ணீருக்குள் கொண்டுபோய், மேற்பரப்புக்குக் கீழே வைத்துத்தான் திறக்கிறார். மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலமும் குப்பையும் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக இப்படி. கலக்கிய மணலும் தன் கால் அழுக்கும் சேராதபடி, நீரோட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கையை நீட்டி மொண்டு, ஐஸ் பெட்டியில் வைத்துச் சில மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். அங்கே பரவலாகப் புழங்கும் ஒரு முறையில், 100 மில்லிலிட்டர் தண்ணீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் வடிக்கிறார்கள். தண்ணீர் போய்விடும், பாக்டீரியா தாளில் தங்கிவிடும். அந்தத் தாளைச் சத்துக் கூழ் பரப்பிய தட்டில் வைத்து 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் 24 மணி நேரம் விட்டுவைத்தால், ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி ஒரு புள்ளியாகிறது. எண்டரோகாக்கஸ் புள்ளிகளைச் சுற்றி நீல வளையம் தெரியும். வளையங்களை எண்ணினால் கணக்கு முடிந்தது.

அந்த 24 மணி நேரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

200 என்ற எல்லை

சிங்கப்பூரில் இந்த வேலையைச் செய்வது தேசியச் சுற்றுப்புற வாரியம். செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் பார்க், சாங்கி, பாசிர் ரிஸ், பொங்கோல், செம்பவாங் பார்க், சிலேத்தார் தீவு என்று மக்கள் அதிகம் போகும் ஏழு கடற்கரைகளை அது கண்காணிக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டியை ஒட்டி 2008-ல் இங்கே ஓர் அளவுகோல் வந்தது: எடுத்த மாதிரிகளில் 95 விழுக்காடு, 100 மில்லிலிட்டருக்கு 200 எண்டரோகாக்கஸ் அல்லது அதற்குக் குறைவாக இருக்க வேண்டும்.

ஏன் சராசரி எடுக்காமல் இப்படிச் சுற்றி வளைக்க வேண்டும்? ஒரு கடற்கரையில் 20 மாதிரி எடுத்து, 16-ல் 10 என்றும் 4-ல் 800 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 168. ஆகா, 200-க்குக் கீழே! ஆனால் ஐந்து தடவை போனால் ஒரு தடவை மோசமான தண்ணீரில் குளிக்கிறீர்கள். சராசரி அந்தக் கெட்ட நாட்களை மூடி மறைத்துவிடும். 95 விழுக்காட்டுக் கணக்கு அந்த நாட்களைத்தான் தேடிப் பிடிக்கிறது. இந்தக் கடற்கரை தேறாது.

சரி, 200 என்றால் எவ்வளவு ஆபத்து? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003 வழிகாட்டி நான்கு படிகளாகப் பிரிக்கிறது. 95 விழுக்காட்டு அளவு, அதாவது 100 மாதிரிகளில் 95 எந்த எண்ணுக்குள் அடங்குகிறதோ அந்த எண், 40 வரை இருந்தால், ஒரு முறை குளிப்பதால் வயிற்று உபாதை வரும் வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. 41 முதல் 200 வரை 1 முதல் 5 விழுக்காடு. 201 முதல் 500 வரை 5 முதல் 10 விழுக்காடு. 500-ஐத் தாண்டினால் 10 விழுக்காட்டுக்கும் மேல். ஆக 200 என்ற எல்லையில் ஆபத்து பூஜ்யம் ஆகிவிடவில்லை. அந்த விளிம்பில் 20 பேர் குளித்தால் ஒருவருக்கு வயிறு கெடலாம். 'குளிக்க ஏற்றது' என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் ஒப்பந்தம் இதுதான்.

இந்த விழுக்காடுகளுக்கு ஒரு பிறப்புக்கதை உண்டு. இவை பெரும்பாலும் 1989 முதல் 1992 வரை பிரிட்டனின் நான்கு கடற்கரைகளில் நடந்த ஆய்விலிருந்து வந்தவை. ஆரோக்கியமான பெரியவர்களைத் தலை முங்கக் குளிக்கச் சொல்லிவிட்டு, பிறகு யாருக்கு என்ன ஆனது என்று பார்த்தார்கள். அங்கே கடல் குளிர்ந்தது, இங்கே வெதுவெதுப்பானது. வெப்பமண்டல மண்ணிலும் மணலிலும் எண்டரோகாக்கஸ் தானாகவே உயிர்வாழ்வதும் உண்டு. அதனால் இங்கே எண்ணிக்கை கூடினால் முழுக்க மனிதக் கழிவுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், ஆய்வில் குழந்தைகள் இல்லை. நீச்சல்குளத்தில் நடந்த வேறோர் ஆய்வில், 45 நிமிடத்தில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லிலிட்டர் தண்ணீர் விழுங்கினார்கள், பிள்ளைகள் 37 மில்லிலிட்டர். அத்தையின் கவலையில் நியாயம் இருக்கிறது, அவர் சொல்லும் காரணம்தான் வேறு.

புது அளவுகோல் வந்த 2008-லேயே பாசிர் ரிஸ் அதில் தேறவில்லை. அங்கே நீந்த வேண்டாம் என்று வாரியம் அறிவுறுத்தியது. பிற்பாடு தண்ணீரின் தரம் மேம்பட்டு அந்த அறிவுரை விலகியது. சிங்கப்பூரில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர்க் கால்வாயும் தனித்தனி. கழிப்பறைத் தண்ணீர் சுத்திகரிக்காமல் கடலுக்குப் போகும் வழியே கிடையாது, கணக்குப்படி. ஆனால் பழைய குழாய்களில் கசிவு இருக்கும். நாய், பறவைகளின் எச்சம் மழையில் அடித்து வரும். வடக்குப் பக்கக் கடற்கரைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு: சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் நடுவே இருக்கும் ஜொகூர் நீரிணை குறுகலானது, இரு கரை ஆறுகளும் அதில்தான் விழுகின்றன. கடலில் கல் கொட்டி எழுப்பி 1924-ல் திறந்த கடற்பாலம் நீரிணையை நடுவில் அடைத்துவிட்டதால், தண்ணீர் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியேற முடியாது. தெற்கே செந்தோசாவில் கடல் தன்னைத் தானே அலசிக்கொள்ளும் வேகம் அங்கே இல்லை.

மழை பெய்தால்

இப்போது அந்த 24 மணி நேரத்துக்கு வருவோம். பாக்டீரியா வளர ஒரு நாள் ஆகிறது என்றால், கையில் வரும் முடிவு நேற்றைய தண்ணீரைப் பற்றியது. கடற்கரைக்கு வாரியம் கொடுக்கும் ஆண்டுத் தரமோ அதைவிடப் பழைய கதை. அவ்வப்போதைய நிலவரத்தையும் வாரியம் தன் இணையத்தளத்தில் போடுகிறது. புறப்படும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஆனாலும் இன்று மாலை நாலு மணித் தண்ணீர் எப்படி என்பதை அதுவும் சொல்லாது.

2025-ல் உலக நீர் விளையாட்டு வெற்றியாளர் போட்டி சிங்கப்பூரில் நடந்தபோது இது எல்லார் கண்ணிலும் பட்டது. ஜூலை 15-ல் செந்தோசாவில் நடக்க வேண்டிய பெண்கள் 10 கிலோமீட்டர் திறந்தவெளி நீச்சல், தண்ணீர்ப் பரிசோதனையில் இ.கோலை அளவு வரம்பைத் தாண்டியதால் தள்ளிப்போனது. மறுநாள் காலையும் தள்ளிப்போய், ஒருவழியாக 16-ஆம் தேதியே நடந்தது. ஒரே கடல், இரண்டு நாளில் இரண்டு முகம். உலகத் தரப் போட்டிக்கே இந்தப் பாடு என்றால், நம் ஞாயிற்றுக்கிழமைக்கு நாமே கொஞ்சம் யோசித்துத்தான் ஆக வேண்டும்.

யோசிக்க வேண்டிய முதல் விஷயம் மழை. பெருமழை பெய்தால் புல்வெளியிலும் சாலையிலும் புளோக்குகளுக்கு அடியிலும் கிடந்ததெல்லாம் கால்வாயில் இறங்கி ஓரிரு மணி நேரத்தில் கடலுக்கு வந்துவிடும். ஈஸ்ட் கோஸ்ட்டில் சிக்லாப் கால்வாய் கடலில் விழும் இடத்தில் மழைக்குப் பின் நின்று பாருங்கள். பால் கலக்காத டீ நிறத்தில் ஒரு பட்டை கடலுக்குள் நீண்டிருக்கும். பட்டையின் ஓரத்தில் நுரை, இலை, ஸ்டைரோஃபோம் துண்டு, பானப் போத்தல். உப்புத் தண்ணீர் கனமானது என்பதால் மழைத் தண்ணீர் மேலாகவே மிதந்து, பிள்ளைகளின் முகம் இருக்கும் உயரத்தில் பரவும். பாசிர் ரிஸ்ஸில் சுங்கை ஆப்பி ஆப்பியும் சுங்கை தெம்பனிஸும் இதே வேலையைச் செய்கின்றன. பெருமழைக்குப் பிறகு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், முகம் நனையக் குளிக்காமல் இருப்பது பல நாடுகளில் சொல்லப்படும் அறிவுரை. கால்வாய் வாயிலைப் பொறுத்தவரை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே குளிக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இரண்டாவது வெயில். சூரியனின் புற ஊதாக் கதிர் பாக்டீரியாவைக் கொல்கிறது. நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் எண்ணிக்கை பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடலாம். அதனால்தான் அதிகாலையில் கூடுதலாக இருக்கும் எண்ணிக்கை மதியத்தில் இறங்கும். இங்கே அத்தைக்கு ஒரு பாதி மதிப்பெண் கொடுக்க வேண்டும்: கலங்கிய தண்ணீரில் கதிர் ஆழம் போகாது, பாக்டீரியா பிழைத்துக்கிடக்கும். வண்டல் நேரடியாக நோய் தராவிட்டாலும் கிருமிக்குக் குடை பிடிக்கிறது.

மூன்றாவது கடலின் ஏற்ற இறக்கம். நம் கரையில் நாளுக்கு இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் வித்தியாசம் 3 மீட்டரைத் தொடும். கடல் ஏறும்போது வெளிக்கடல் நீர் உள்ளே வந்து கரையோரத்தை அலசும். வற்றும்போது கால்வாய்த் தண்ணீர் வெளியே இழுபட்டு வரும், ஆழமும் குறைந்திருக்கும், சேறும் கிளம்பும். கல் தடுப்புகளுக்கு நடுவே இருக்கும் குட்டி வளைகுடாக்களில் தண்ணீர் தேங்கி நிற்கும். குளிக்கத் தோதான நேரம் கடல் ஏறிக்கொண்டிருக்கும் வெயில் வேளைதான். நேர அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது.

எண்ணில் வராதவை

எண்டரோகாக்கஸ் கணக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில். கச்சா எண்ணெயோ கப்பல் எரிபொருளோ கலந்தால் அது சொல்லாது. 2024 ஜூன் 14-ல் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ஒரு தூர்வாரும் கப்பல் எரிபொருள் நிரப்பும் கப்பலில் மோதி, சுமார் 400 டன் எரிபொருள் கடலில் கொட்டியது. ஈஸ்ட் கோஸ்ட், லாப்ரடார், செந்தோசா, தெற்குத் தீவுகள் என்று கரைகள் கறுத்துப்போயின. சில இடங்களில் குளிக்கும் தடை விலகச் சில வாரங்களுக்கு மேல் ஆனது. இதற்கு மூக்கும் கண்ணுமே போதும். பெட்ரோல் வாடை, மணலில் தார் உருண்டை இரண்டில் எது தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள்.

சொறிமீனும் கணக்கில் வராது. 2021-ல் பெட்டி வடிவச் சொறிமீன் தென்பட்டதால் செந்தோசாக் கடற்கரைகளில் நீச்சலை நிறுத்தி வைத்தார்கள். ஏறக்குறைய கண்ணுக்குத் தெரியாத உடம்பும் நீண்ட இழைகளும் கொண்டது அது. கொட்டினால் கரையேறி, அந்த இடத்தில் சமையல் வினிகரை அரை நிமிடமாவது ஊற்ற வேண்டும். தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவவும் கூடாது. மூச்சுத் திணறினால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995. கல்மீன் முள்ளோ திருக்கை முள்ளோ குத்தினால் வைத்தியம் நேர்மாறு: தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீர், அப்புறம் மருத்துவமனை. ஆழமில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும்.

நீரில் மூழ்குவதுதான் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. தரம் 'மிக நன்று' என்று இருக்கும் தண்ணீரிலும் ஆள் மூழ்கலாம். செந்தோசாவின் கடற்கரைகளில் உயிர்காப்பாளர்கள் உண்டு. ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் போன்ற பூங்காக் கரைகளில் அவர்களை எதிர்பார்க்காதீர்கள். நிலமீட்புக் கரை என்பதால் சில இடங்களில் இடுப்பளவு ஆழம் சில எட்டில் தலைக்கு மேல் போகும். தூரத்தில் பெரிய கப்பல் போய் முடிந்த பிறகு, கரை அமைதியாக இருக்கும் வேளையில் அதன் அலை வந்து சேரும். முழங்காலளவில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் புரட்டிவிட அது போதும். காற்று ஊதிய மிதவைகள் தரைக்காற்றில் நொடியில் வெளியே போய்விடும். சேலை, சுரிதாரோடு இறங்குபவர்களுக்கு: நனைந்த துணி கனம், காலைச் சுற்றும், முழங்காலுக்கு மேல் போக வேண்டாம். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும் சுமத்ரா சூறைக்காற்று அரை மணி நேரத்தில் கடலைப் புரட்டிப்போடும். இடி கேட்டால் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடுங்கள், மரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

யாராவது தத்தளித்தால் பின்னாலேயே குதிப்பது நம் சுபாவம். அப்படித்தான் ஒருவருக்கு இருவர் போகிறார்கள். பக்கத்தில் மிதவை வளையம் இருந்தால் எறியுங்கள். இல்லையென்றால் விருந்துக்குக் கொண்டுவந்த ஐஸ் பெட்டியை மூடி எறியலாம், காலியான ஐந்து லிட்டர் போத்தலை மூடியோடு எறியலாம், பாயைச் சுருட்டி நீட்டலாம். இன்னொருவர் 995-ஐ அழைக்கட்டும். அழைக்கும்போது பக்கத்தில் இருக்கும் கார் நிறுத்துமிட எண்ணைச் சொன்னால் ஆம்புலன்ஸ் இடத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்.

குளித்து முடித்தால் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் குளித்துவிட்டு, அப்புறம் கோழியில் கை வையுங்கள். காலில் வெட்டோ சிராய்ப்போ இருப்பவர்கள், குறிப்பாக நீரிழிவும் ஈரல் நோயும் உள்ளவர்கள், இறங்காமலிருப்பதே மேல். வெதுவெதுப்பான கடலில் இயல்பாகவே வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியா புண் வழியாகப் புகுந்தால் ஓரிரு நாளில் நிலைமை கைமீறலாம். அது குடலிலிருந்து வருவதில்லை என்பதால் எண்டரோகாக்கஸ் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அது இருக்கும். கடலில் குளித்த பின் புண் சிவந்து வீங்கி, வலி கூடிக்கொண்டே போனால், காய்ச்சலும் சேர்ந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். மருத்துவரிடம் எந்தக் கடற்கரையில் என்றைக்கு இறங்கினீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.